கைக்கடிகாரம் கணக்குப்பிள்ளைதான்... வைத்தியர் அல்ல!

"டாக்டர், எந்த வாட்ச் வாங்கலாம்?"

என்னிடம் வருகிறவர்கள் முன்பெல்லாம் கேட்ட கேள்விகளே வேறு. 'லேகியத்தைச் சாப்பாட்டுக்கு முன்னால் சாப்பிடணுமா, பின்னாலா?', 'கஷாயத்தில் கருப்பட்டி போட்டுக்கலாமா?' என்பார்கள். இப்போது வாரத்துக்கு இரண்டு பேராவது கடிகாரத்தைப் பற்றி யோசனை கேட்கிறார்கள். மணி பார்க்கிற கடிகாரம் இல்லை. நடந்தால் காலடியை எண்ணும், படுத்தால் தூக்கத்தை எண்ணும், நாடித்துடிப்பு, ஆக்ஸிஜன், கலோரி என்று என்னென்னவோ காட்டும் 'ஸ்மார்ட் வாட்ச்'. ஆயிரத்துச் சில்லறை ரூபாயில் தொடங்கி அரை லட்சத்துக்கு மேலும் போகிறது விலை.

தீபாவளிக்கு மாமனார் மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்ட காலம் போய், மாப்பிள்ளை மாமனாருக்கு வாட்ச் கட்டிவிடுகிற காலம் வந்துவிட்டது! நல்லதுதான். ஆனால், கடைக்குப் போவதற்கு முன்னால் பத்து நிமிஷம் என்னோடு உட்காருங்கள். எதைப் பார்த்து வாங்கணும், எதற்குக் காசு கொடுக்கக் கூடாது என்று சொல்கிறேன். அதைவிட முக்கியமாக, வாங்கிய பிறகு அதை எங்கே வைக்கணும் என்றும் சொல்கிறேன். 'கையிலதான் டாக்டர்' என்கிறீர்களா? கையில் கட்டுங்கள், தாராளமாக. தலையில் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அதுதான் என் கட்சி.

ஏன் இப்படிச் சொல்கிறேன்? ஒரு அண்ணாச்சியின் கதையைக் கேளுங்கள்.

"எல்லாம் கரெக்டா இருக்கு டாக்டர்!"

அண்ணாச்சிக்கு வயது 64. பலசரக்குக் கடையில் 40 வருஷம் நின்றவர். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு இப்போது ஓய்வாக இருக்கிறார். சர்க்கரை உண்டு, பி.பி.யும் உண்டு. இரண்டுக்கும் ஆங்கில மருத்துவரிடம் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார். என்னிடம் முழங்கால் வலிக்குத் தைலம் வாங்க வருவார்.

மகன் பெங்களூரில் இருக்கிறான். அப்பா மேல் உசிர். போன வருஷம் ஊருக்கு வந்தபோது ஒரு வாட்ச் வாங்கிக் கட்டிவிட்டுப் போனான். அண்ணாச்சி எத்தனை அடி நடக்கிறார் என்பது அவன் செல்போனிலும் தெரியும். ராத்திரி ஆனால் போன் வரும். "அப்பா, இன்னைக்கு 6,200 தான் ஆயிருக்கு. இன்னும் 3,800 இருக்கு!"

அண்ணாச்சி என்ன செய்வார்? சாப்பிட்ட கையோடு ஹாலில் சோபாவைச் சுற்றிச் சுற்றி வருவார். "செக்குமாடு மாதிரி சுத்துறாரு டாக்டர்" என்று வீட்டம்மா சிரிப்பார். முழங்காலுக்கு நான் தைலம் கொடுப்பேன். அவர் அதைத் தேய்த்துவிட்டு மறுநாளும் 10,000 போடுவார். தைலம் என்ன செய்யும், பாவம்!

ஒருநாள் காலை. கிளினிக்கை அப்போதுதான் திறந்தேன். இரண்டு பேரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள்.

"நெஞ்சு கரிக்குது டாக்டர். தாடைகிட்ட ஒரு பிடிப்பு. ராத்திரி மொச்சை சாப்பிட்டேன், வாயுதான். சூரணம் ஏதாவது குடுங்க" என்றார் அண்ணாச்சி. கூடவே கையை நீட்டி வாட்சைக் காட்டினார். துடிப்பு 82. ஆக்ஸிஜன் 97. "பாருங்க, எல்லாம் கரெக்டா இருக்கு. காலையிலயே 4,000 ஸ்டெப்ஸும் போட்டுட்டேன்."

வீட்டம்மா ஓரமாக நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அவர் மூஞ்சி சரியில்ல டாக்டர். திரும்பி வந்து அரை மணி நேரம் ஆச்சு. ஃபேனுக்குக் கீழே உக்காந்தும் வேர்வை நிக்கல. இது வாக்கிங் போன வேர்வை இல்ல."

கையைத் தொட்டேன். ஜில்லென்று ஈரம்.

நான் சூரணம் கொடுக்கவில்லை. நாடி பிடித்து ஆராய்ந்துகொண்டும் இருக்கவில்லை. அதற்கான நேரம் அது இல்லை. இதய சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே அனுப்பினேன். அங்கே ஈ.சி.ஜி. எடுத்தார்கள். மாரடைப்பு. அன்றைக்கே அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். அண்ணாச்சி பிழைத்துக்கொண்டார். இன்னும் ஒரு மணி நேரம் 'வாட்ச்தான் நல்லாயிருக்குன்னு சொல்லுதே' என்று வீட்டிலேயே இருந்திருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது.

இதைப் படிக்கிற நீங்கள் ஒன்றை மட்டும் மனசில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, காரணமில்லாத வேர்வை, மூச்சு முட்டல். இவற்றில் எது திடீரென்று வந்தாலும் 108-க்குப் போன் போடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமல், வெறும் அசதியும் வேர்வையுமாகக்கூட மாரடைப்பு வரலாம். அந்த நேரத்தில் வாட்சைப் பார்க்காதீர்கள். என்னிடமும் வராதீர்கள். நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்!

வாட்ச் பொய் சொன்னதா?

இல்லை. அதுதான் வேடிக்கை. துடிப்பு 82 என்றது. துடிப்பு 82 தான் இருந்திருக்கும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் 97 என்றது. அதுவும் சரியாகவே இருந்திருக்கலாம். மாரடைப்பு நடக்கும்போது இந்த இரண்டு எண்களும் சாதாரணமாக இருப்பது உண்டு. இதயத்தின் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்ற கேள்விக்குப் பதில் அந்த எண்களில் இல்லை. ஈ.சி.ஜி. எடுக்கும் விலை உயர்ந்த வாட்ச்களும் இருக்கின்றன. அவற்றாலும் மாரடைப்பைக் கண்டுபிடிக்க முடியாது என்று தயாரிப்பாளர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தச் சின்ன எழுத்தை யார் படிக்கிறோம்?

அப்படியானால் வாட்சுக்கு என்னதான் தெரியும்? கொஞ்சம் உள்ளே எட்டிப் பார்க்கலாம்.

அதற்குள்ளே அசைவை உணரும் ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. நீங்கள் நடக்கும்போது கை முன்னும் பின்னும் வீசுகிறது இல்லையா? அந்த வீச்சின் தாளத்தை வைத்துக் காலடியைக் கணக்குப் போடுகிறது. அதாவது, அது உங்கள் காலைப் பார்ப்பதே இல்லை. கையைத்தான் பார்க்கிறது! அதனால்தான் இரண்டு கையிலும் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டிலிருந்து நடந்து வந்தால் கணக்குக் குறைகிறது. பேரனை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாலும் குறையும். உட்கார்ந்த இடத்தில் சப்பாத்தி மாவு பிசைந்தால் ஏறினாலும் ஏறும்.

அடிப்பக்கத்தில் பச்சை வெளிச்சம் மினுமினுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். இதயம் துடிக்கும் ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டில் ரத்தம் கூடுகிறது, திரும்பி வரும் ஒளி குறைகிறது. அதை எண்ணித்தான் துடிப்பைச் சொல்கிறது. வார் தளர்ந்திருந்தாலோ, கை அதிகம் ஆடினாலோ, பச்சை குத்திய இடத்துக்கு மேலே கட்டினாலோ கணக்குத் தவறும்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 7 விதமான கைக்கருவிகளை 60 பேருக்குக் கட்டிப் பார்த்து, 2017-ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். 7-இல் 6 கருவிகள் நாடித்துடிப்பை 5 சதவீதத்துக்குள் சரியாகச் சொல்லிவிட்டன. சபாஷ்! ஆனால், எரித்த கலோரிக் கணக்கில் எல்லாமே கோட்டை விட்டன. இருப்பதில் நல்ல கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறு. மோசமானது 93 சதவீதம்! கருவிகள் அதன் பிறகு எவ்வளவோ மாறிவிட்டன. ஆனாலும் கையசைவையும் துடிப்பையும் வைத்துக் கலோரியை ஊகிக்கிற வேலைதான் இன்றைக்கும் நடக்கிறது. '350 கலோரி எரித்துவிட்டேன்' என்று அது காட்டுவதை நம்பி ஒரு உளுந்த வடைகூடக் கூடுதலாகச் சாப்பிடாதீர்கள்.

அது என்ன 10,000?

அண்ணாச்சியை சோபாவைச் சுற்ற வைத்த அந்த 10,000 எங்கேயிருந்து வந்தது தெரியுமா? ஏதோ பெரிய டாக்டர்கள் கூடி முடிவு செய்தது என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

1964-இல் ஜப்பானின் டோக்கியோவில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. ஊரெல்லாம் உடற்பயிற்சி மோகம். அடுத்த வருஷம் ஒரு ஜப்பானியக் கம்பெனி, இடுப்பில் மாட்டிக்கொள்ளும் காலடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதற்கு வைத்த பெயர் 'மான்போ-கேய்'. பத்தாயிரம் அடி அளவி என்று அர்த்தம். சொல்ல எளிது, நினைவில் நிற்கும், விற்பனைக்கும் நல்லது. அந்தப் பெயர்தான் உலகம் முழுக்கப் பரவி, இன்றைக்கு நம் மணிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு 'இன்னும் 3,800!' என்று விரட்டுகிறது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது? அமெரிக்காவில் 16,741 வயதான பெண்களின் காலடிகளை எண்ணி, சில வருஷங்கள் தொடர்ந்து கவனித்து, 2019-இல் ஒரு ஆய்வு வந்தது. அவர்களின் சராசரி வயது 72. நாளைக்குச் சுமார் 2,700 அடி மட்டும் நடந்தவர்களைவிட, 4,400 அடி நடந்தவர்களுக்கு இறப்பு 41 சதவீதம் குறைவாக இருந்தது. அடிகள் கூடக் கூட இன்னும் குறைந்தது. ஆனால், 7,500 அடியோடு அந்த லாபம் நின்றுவிட்டது. அதற்கு மேல் நடந்தவர்களுக்குப் பெரிதாகக் கூடுதல் பலன் இல்லை. நோயாளிகள் குறைவாக நடப்பதும் இந்தக் கணக்கில் கலந்திருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும், விஷயம் புரிகிறது அல்லவா? சும்மா உட்கார்ந்திருப்பவர் கொஞ்சம் எழுந்து நடந்தாலே பெரிய லாபம். ஏற்கெனவே 7,000 நடக்கிற 64 வயது அண்ணாச்சி, வலிக்கிற முழங்காலோடு ராத்திரி 3,000 அடி ஹாலில் சுற்ற வேண்டியது இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியில் காலடிக் கணக்கே பெரிதாகப் பேசப்படவில்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி, இரண்டு நாளாவது தசைகளுக்கு வலு சேர்க்கும் பயிற்சி என்கிறது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரம் மூன்று நாள் தடுமாறாமல் நிற்கப் பழக்கும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. நாளைக்கு அரை மணி நேரம் என்று வாரம் ஐந்து நாள் நடந்தால் அந்த 150 நிமிஷம் ஆயிற்று. இதற்கு உங்கள் பழைய சாவி கொடுக்கும் கடிகாரமே போதும்!

நூலும் விரலும்

'சித்த வைத்தியர், அதுதான் மெஷினைத் திட்டுகிறார்' என்று நினைத்துவிடாதீர்கள். அளவெடுப்பது எங்கள் வைத்தியத்துக்குப் புதுசு இல்லை. மணிக்கட்டும் புதுசு இல்லை. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்தபோது, நாடி பார்க்க மூன்று விரலை எப்படி வைப்பது என்று பழகவே மாதக்கணக்கில் ஆயிற்று. ஆள்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் ஐயம். ஒன்று, அரை, கால் என்று மாத்திரைக் கணக்கு.

மணிக்கடை நூல் என்று இன்னொரு முறை இருக்கிறது. நோயாளியின் மணிக்கட்டுக்குச் சற்று மேலே நூலைச் சுற்றி அளவெடுப்பார்கள். சரி, அந்த நூலை எதைக்கொண்டு அளப்பார்கள்? ஸ்கேலாலோ வைத்தியரின் விரலாலோ இல்லை. அந்த நோயாளியின் விரற்கடையாலேயே அளப்பார்கள்.

அந்த நூலை வைத்து இன்றைக்கு யாரும் மாரடைப்பைக் கண்டுபிடிக்கப் போவதில்லை. நானும் அப்படிச் சொல்ல வரவில்லை. ஆனால், அதில் ஒரு யோசனை இருக்கிறது. உன் உடம்பை உன் விரலால் அள. பக்கத்து வீட்டுக்காரரின் 12,000 உங்களுக்கு அளவுகோல் இல்லை. உங்களுக்கு அளவுகோல் போன வாரத்து நீங்கள்தான். அதோடு, நாடி மட்டும் பார்த்து எழுந்துவிடு என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தொட்டுப்பார், நாக்கைப் பார், நிறம் பார், பேச்சைக் கேள், கண்ணைப் பார், மலம், சிறுநீரை விசாரி என்று எட்டு வகைத் தேர்வு சொன்னார்கள். ஒற்றை எண்ணை நம்பி முடிவெடுக்காதே என்பதுதான் அதன் சாரம். அண்ணாச்சியின் வீட்டம்மா படிக்காமலேயே நிறமும் வேர்வையும் பார்த்துவிட்டார்!

வாட்ச் எனக்கும் உதவியது

இவ்வளவு பேசுகிற நானும் ஒரு வாட்ச் கட்டியிருக்கிறேன். மகள் கொடுத்தது. 'நானென்ன சும்மாவா இருக்கேன், காலையிலிருந்து ராத்திரி வரை ஓடிக்கிட்டேதானே இருக்கேன்' என்று அவளிடம் சவால் விட்டேன். முதல் வாரக் கணக்கைப் பார்த்ததும் வாயடைத்துப் போனேன். நாளைக்குச் சராசரி 2,300 அடி! ஓடியது நான் இல்லை, என் வாய்தான். நோயாளிகளிடம் 'நடங்க, நடங்க' என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இந்த உண்மையை மனைவி சொல்லி நான் கேட்டதில்லை. வாட்ச் சொன்னது, வெட்கமாகப் போய்விட்டது. இப்போது ஒவ்வொரு பத்து நோயாளிக்கும் ஒரு தடவை எழுந்து மாடிக்குப் போய் வருகிறேன். சாயந்திரம் வ.உ.சி. மைதானத்தில் அரை மணி நேரம் நடக்கிறேன். 5,500 அளவில் நிற்கிறது. எனக்கு அது போதும். வாட்ச் செய்யக்கூடிய பெரிய உபகாரம் இதுதான். நாம் நம்மை ஏமாற்றிக்கொள்வதை அது விடாது.

இன்னொன்றும் நியாயமாகச் சொல்லணும். சில வாட்ச்கள், துடிப்பு தாளம் தவறிப் போவதைக் கவனித்து எச்சரிக்கும். 2019-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் 4 லட்சம் பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். எச்சரிக்கை வந்தது சுமார் அரை சதவீதம் பேருக்குத்தான். அவர்களில் சிலருக்குப் பிறகு ஈ.சி.ஜி. பட்டை ஒட்டிப் பார்த்ததில், மூன்றில் ஒருவருக்குத் தாளம் தவறும் இதய நோய் தெரிந்தது. பக்கவாதத்துக்கு வழி வைக்கும் நோய் அது. ஆகவே வாட்ச் எச்சரித்தால் அலட்சியம் வேண்டாம், டாக்டரிடம் போங்கள். அது 'நல்லாயிருக்கு' என்றால் மட்டும் அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

சரி, எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் உங்களையே கேளுங்கள்: 'நான் எங்கே நடக்கப் போகிறேன்?' மொட்டை மாடியிலும் வீட்டுக்குள்ளும்தான் என்றால், ஜி.பி.எஸ். வசதிக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அது திறந்த வெளியில் தூரம் அளக்கத்தான் சரி. மாடியில் எட்டுப் போட்டு நடக்கிறவர்களுக்குக் காலடிக் கணக்கும் நேரக் கணக்கும் போதும்.

கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். வாட்சைக் கட்டிக்கொண்டு, கையை இயல்பாக வீசி, மனசுக்குள் எண்ணியபடி 100 அடி நடங்கள். 95-க்கும் 105-க்கும் நடுவில் காட்டினால் நல்ல வாட்ச். 70 என்றோ 130 என்றோ காட்டினால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

எழுத்து பெரிதாக இருக்கணும். வெயிலில், கண்ணாடி போடாமல் படிக்க முடியணும். பெற்றோருக்கு வாங்குகிறவர்கள் தங்கள் கண்ணால் பார்த்து வாங்குகிறார்கள். அம்மாவின் கண்ணால் பார்த்து வாங்குங்கள். ஒரு தடவை சார்ஜ் போட்டால் ஒரு வாரமாவது நிற்பது நல்லது. தினமும் சார்ஜ் போடணும் என்றால், ஒரு மாசத்தில் அது பீரோவுக்குள் போய்விடும்.

வாரைக் கவனியுங்கள். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, இறுக்காமலும் ஆடாமலும் கட்டணும். நம் ஊர் வேர்வைக்கு ரப்பர் வாருக்கு அடியில் அரிப்பும் சிவப்பும் வரும். ராத்திரி கழற்றி, வாரைக் கழுவி, கையைத் துடைத்துக் காயவிடுங்கள். 'பேஸ்மேக்கர்' வைத்தவர்கள் இதய டாக்டரைக் கேட்காமல் வாங்கவே வேண்டாம். வாட்சிலும் சார்ஜரிலும் காந்தம் இருக்கலாம்.

எதற்குக் காசு கொடுக்கக் கூடாது? முதலில், ஊசி குத்தாமல் சர்க்கரை அளவு சொல்கிறேன் என்கிற வாட்ச். அப்படித் தானாகவே சர்க்கரையை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று, அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2024 பிப்ரவரியில் மக்களை எச்சரித்தது. இந்த எண்ணைப் பார்த்து இன்சுலின் அளவைக் கூட்டினாலோ குறைத்தாலோ உயிருக்கே ஆபத்து.

இரண்டாவது, பி.பி. காட்டும் மலிவு வாட்ச். கையில் பட்டை கட்டிக் காற்றடித்து அளப்பதுதான் நம்பகமான முறை. பி.பி. காட்டும் வாட்ச்களில் தரமானவை சிலவற்றையே நாலு வாரத்துக்கு ஒரு தடவை பட்டைக் கருவியோடு ஒப்பிட்டுச் சரிசெய்யச் சொல்கிறார்கள். அப்படியானால் அந்தப் பட்டைக் கருவியையே வாங்கிவிடலாமே! மேல்கையில் கட்டும் கருவி ஒன்று வாங்குங்கள். ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து அளவெடுங்கள். வாட்சில் மிச்சம் பிடித்த காசுக்கு அது வந்துவிடும்.

எப்படி நடப்பது?

முதல் வாரம் ஒன்றும் மாற்றாதீர்கள். வழக்கம் போல இருங்கள், வாட்ச் எண்ணட்டும். ஏழு நாள் கணக்கைக் கூட்டி ஏழால் வகுங்கள். அதுதான் உங்கள் விரற்கடை. 2,500 என்றால் அடுத்த வாரம் 3,000. உடம்பு ஏற்றுக்கொண்டால் அதற்கடுத்த வாரம் 3,500. முழங்கால் முனகினால் அங்கேயே நில்லுங்கள். வலித்தால் குறையுங்கள். 10,000 ஆகவில்லை என்று யாரும் அபராதம் போட மாட்டார்கள்.

வேகத்துக்கு வாட்சைவிட நல்ல அளவு உங்கள் வாய். நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான நடை. பேசவே மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். '220-இல் வயதைக் கழித்து, அதில் இத்தனை சதவீதத் துடிப்பு வரணும்' என்று வாட்ச் சொல்லும். அது தோராயக் கணக்கு. பி.பி.க்கும் இதயத்துக்கும் அட்டெனோலால், மெட்டோபுரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் துடிப்பு சுலபத்தில் ஏறாது. வாட்ச் காட்டும் எண்ணை எட்டணும் என்று அவர்கள் ஓடினால் விபரீதம்தான்.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், வெறும் வயிற்றோடு நீண்ட நடை போகலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சட்டைப்பையில் கொஞ்சம் குளுக்கோஸோ நாலு மிட்டாயோ இருக்கட்டும். வந்ததும் உள்ளங்காலைப் பாருங்கள். பாதத்தில் புண் வந்தால் எந்த வாட்சும் சொல்லாது.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

வெளியூரில் இருந்துகொண்டு அப்பா அம்மாவுக்கு வாட்ச் வாங்கிக் கொடுக்கிற பிள்ளைகளே, உங்கள் பாசம் புரிகிறது. ஆனால், ராத்திரி போன் பண்ணி 'இன்னைக்கு எத்தனை ஸ்டெப்ஸ்?' என்று கேட்காதீர்கள். அந்த எண்தான் உங்கள் செல்போனிலேயே இருக்கிறதே! 'உடம்பு எப்படி இருக்கு? மூச்சு வாங்குதா? கால் வலிக்குதா? நல்லா தூங்கினீங்களா?' என்று கேளுங்கள். அப்பா 'ஒண்ணுமில்லப்பா' என்பார். அப்பாக்கள் அப்படித்தான். அப்போது போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

அண்ணாச்சி இப்போது மறுபடி நடக்கிறார். இதய டாக்டர் சொன்ன அளவு, காலையில் 20 நிமிஷம். வாட்சும் கையில் இருக்கிறது. ஆனால், மகன் அதில் 10,000 என்ற இலக்கை எடுத்துவிட்டு 4,000 என்று மாற்றியிருக்கிறான். பக்கத்தில் வீட்டம்மாவும் சேர்ந்து நடக்கிறார். போன வாரம் மைதானத்தில் பார்த்தேன்.

"இப்ப எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்றேன்.

அவர் பழக்கதோஷத்தில் வாட்சைத் திருப்பிப் பார்க்கப் போனார். வீட்டம்மா அவர் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னைக்கு நல்லா இருக்காரு டாக்டர்."